ஒப்பரேசன் முடிந்து நாலு வருடம்: விரல் ஏன் விறைக்கிறது?

கேள்வி: அக்கா, நான் ஆசிரியை, வயது 41. நாலு வருடத்துக்கு முன் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் 'ஸ்லீவ்' ஒப்பரேசன் செய்தேன். 112 கிலோவாக இருந்த நான் 74க்கு இறங்கினேன். இப்போது 83. போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில், "இவ்வளவு காசைக் கொட்டியும் திரும்பக் கொழுக்கிறாளே" என்று மாமி எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டா. இப்போது களைப்பும் கூட. கால்விரல் விறைக்கிறது, கையில் சோக்கட்டி இருப்பதே சில நேரம் தெரிவதில்லை. விற்றமின் குளிசைகளை எப்போதோ விட்டுவிட்டேன். இன்னொரு ஒப்பரேசன் செய்ய வேண்டுமா?
- ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, மாமியைப் பிறகு பார்ப்போம். முதலில் விரல்.

இந்த விறைப்பும் களைப்பும் விற்றமின் பி12 குறைவால் இருக்கலாம். 'ஸ்லீவ்' செய்யும்போது இரைப்பையின் முக்கால்வாசியையோ அதற்கும் மேலோ வெட்டி எடுக்கிறார்கள். சாப்பாட்டிலிருந்து பி12ஐப் பிரிக்கும் அமிலமும், அதைக் குடல் உறிஞ்ச உதவும் புரதமும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கின்றன. ஈரலில் பழைய இருப்பு இருக்கும், அது கரைய வருடக்கணக்காகும். அதனால்தான் குளிசையை விட்டதும் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வார்ட்டில் நான் கண்ட ஆட்களும் "நல்லாத்தானே இருக்கிறன்" என்றுதான் விடுவார்கள். நரம்பு கெட்டு நாள் சென்றால் முழுதாகத் திரும்பாமலும் போகும்.

ஆகவே இந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள். பி12, இரும்பு, விற்றமின் டி, கல்சியம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவாலும் விரல் விறைக்கும், அதனால் சீனியையும் பார்க்க வேண்டும். பி12 குறைவென்றால் ஊசி போடுவார்கள். பாமசியில் நீங்களாகவே சத்துக் குளிசை வாங்கிப் போட வேண்டாம். ஃபோலிக் அசிட் மட்டும் உள்ளே போனால் இரத்தம் தேறினதுபோல் காட்டும், நரம்போ கெட்டுக்கொண்டே இருக்கும். இரும்புக் குளிசை தந்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். கல்சியத்தையும் அதையும் இரண்டு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். இந்தக் குளிசைகள் ஆயுள் முழுக்க, வருடாவருடம் இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். காசு வாங்கும்போது இதை அழுத்திச் சொல்லாத இடங்களும் இருக்கின்றன என்பது என் கோபம்.

சரி, இனி மாமி. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், பைபாஸ் (இதயத்துக்கல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் ஒப்பரேசன்) செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. உங்களுடையது வேறு வகை ஒப்பரேசன்தான், ஆனால் கொஞ்சம் திரும்பி ஏறுவது எல்லாவற்றிலும் நடக்கிறது. உங்கள் 29 கிலோ இன்னும் இறங்கியேதான் இருக்கிறது, 112இல் கால்வாசிக்கும் மேல். மாமிக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பிரயோசனமில்லை, விடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மீன் துண்டும் முட்டையும் நாலு வாயிலேயே நெஞ்சை அடைக்கும். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் அரைப் பக்கட் போனாலும் அடைக்காது, கரைந்து இறங்கிவிடும். தயிரும் பாணியும் அப்படித்தான், ஐஸ்கிறீமும் அப்படித்தான். நம்மூர்த் தயிரைக் குறை சொன்னால் அடிக்க வருவீர்கள், நான் சொல்வது பாணியைத்தான். ஸ்டாஃப் ரூமில் இடைவேளைக்கு என்ன போகிறது என்று ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். சாப்பாட்டில் மீன், முட்டை, பருப்பு முதலில், புட்டு கடைசியில். நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காதீர்கள்.

இரண்டாவது ஒப்பரேசன் இப்போது பேச்சே வேண்டாம். தாங்க முடியாத நெஞ்செரிவு போன்ற காரணத்துக்காகச் சிலருக்கு 'ஸ்லீவை' பைபாஸாக மாற்றுவதுண்டு. 9 கிலோவுக்காக அந்த மேசையில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: என் தங்கச்சிக்கு பைபாஸ் செய்து ஏழு மாதம். புதுசாகக் கலியாணம் முடித்தவள். மாப்பிள்ளை வீட்டில் பிள்ளை எப்போது என்று கேட்கிறார்கள்.
- ஒரு சகோதரி, அக்கரைப்பற்று

பதில்: ஒப்பரேசன் நடந்து 12 முதல் 18 மாதம் கழியட்டும். எடை வேகமாக இறங்கும் காலத்தில் தாய்க்கே சத்துப் போதாது. எடை குறைந்தால் கரு நிற்பதும் இலேசாகும், ஆகவே கவனம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது, லூப்போ ஊசியோ பற்றி கிளினிக்கில் கேளுங்கள். பிறகு கரு நின்றால், ஒப்பரேசன் நடந்ததை முதல் நாளே மிட்வைஃபிடம் சொல்ல வேண்டும். கிளினிக்கில் சீனி பார்க்கக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கத் தருவார்கள். பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மயக்கம் வரலாம். வேறு முறையில் சீனி பார்க்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டு, அதைக் கர்ப்பவதிப் பதிவேட்டின் முன்பக்கத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.