மூன்று வாரக் குட்டியைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். மகன் ஆசைப்பட்டான் என்று போன வருடம் சந்தையில் ஒரு ஜோடி முள்ளம்பன்றி வாங்கினோம். குட்டி ரகம், இதற்கு மேல் வளராது என்று சொல்லி விற்றார்கள். மூன்று நாளைக்கு முன்னால் ராத்திரி பெண், குட்டி போட்டுவிட்டது. நாலா ஐந்தா தெரியவில்லை. ஒன்று நேற்று கூட்டுக்கு வெளியே கிடந்தது. பசும்பால் புகட்டலாமா? கூண்டு நாறுகிறது, கழுவலாமா? ஆணும் அதே கூண்டில்தான் இருக்கிறது. விற்ற தரகர், மூன்று வாரத்தில் வந்து குட்டிகளை எடுத்துக்கொள்கிறேன், அரசாங்க சான்றிதழும் நானே வாங்கித் தருகிறேன், குட்டிக்கு இரண்டாயிரம் ஆகும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, மற்றதைப் படிப்பதற்கு முன்னால் ஆணைப் பிரிக்க ஏற்பாடு செய்யுங்கள். இன்று ராத்திரியே பிரித்தாக வேண்டும். அது குட்டிகளைத் தின்னும். தின்னாவிட்டாலும் பெண்ணோடு மறுபடி சேரும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றையும் சுமக்கிற தாய் தாங்காது. விரட்டிப் பிடிக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், தீனிக்கு வெளியே வரும். அப்போது கூட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கையை விட்டுத் தூக்கி வேறு பெட்டியில் விடுங்கள். இந்த மூன்று நாளில் மறுபடி சினை பிடித்திருக்கவும் கூடும். சினைக்காலம் 34 முதல் 37 நாள். காலண்டரில் இன்றிலிருந்து ஐந்து வாரம் எண்ணிக் குறித்துவையுங்கள்.

நீங்கள் வளர்ப்பது முள்ளம்பன்றி அல்ல, ஹெட்ஜ்ஹாக். ஆப்பிரிக்க முள்ளெலி. முள்ளம்பன்றி என்பது எலி, அணில் போலக் கொறிக்கிற இனம். இது பூச்சி தின்கிற இனம். பெயரை மாற்றிச் சொல்லி விற்பதால்தான் வாங்கியவர்கள் கேரட்டும் கடலையும் போட்டுக் கெடுக்கிறார்கள்.

கூண்டைக் கழுவாதீர்கள். பிறந்த குட்டி உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், எடை பத்து கிராம் சுமார். முதுகுத் தோல் நீர் கோத்து உப்பியிருக்கும், முள் அதற்குள் இருக்கும். சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்து, சீப்புப் பல் மாதிரி வெள்ளை முள் வெளியே நீட்டும். கண் திறக்கவே இரண்டு வாரமாகும். தாய்க்கு அதன் வாசனை ஒன்றுதான் அடையாளம். பினாயில், சோப்பு, உங்கள் கை என்று எது பட்டாலும் அது அந்நிய வாசனை. பயந்த தாய் குட்டியைத் தின்றுவிடும். ராயபுரத்திலிருந்து ஒரு பையன் ஷூ பெட்டியோடு என்னிடம் வந்தான். ஐந்து குட்டியில் ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு நாளும் செல்போன் வெளிச்சத்தில் நண்பர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறான். அந்த ஒன்றின் பின்னங்காலிலும் பழைய துண்டின் நூல் சுற்றி, பாதம் கறுத்துப்போயிருந்தது.

அதனால் பத்து நாளைக்குக் கூட்டைத் திறந்து பார்க்க வேண்டாம். மூலையில் இருக்கிற புழுக்கையை மட்டும் எடுங்கள். அந்த அறையில் கொசுவத்தி, சாம்பிராணி கூடாது. நூல் பிரிகிற துணி போட வேண்டாம், அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் போதும். கூண்டுக்குள் ஓடி விளையாடுகிற சக்கரம் இருந்தால் கொஞ்ச நாளைக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

பசும்பால் வேண்டாம், தாய்க்கும் சரி குட்டிக்கும் சரி. ஹெட்ஜ்ஹாக்குக்குப் பசும்பால் செரிக்காது, பேதியாகும். தாய்க்கு வழக்கமாகத் தருவதைப்போல் இரண்டு மடங்கு தீனி வையுங்கள்: புரதம் அதிகமுள்ள பூனைத்தீனி, வேகவைத்த முட்டை கொஞ்சம், கிடைத்தால் மீல்வார்ம் என்கிற தீனிப் புழு. தண்ணீர்க் கிண்ணம் தட்டையாக இருக்கட்டும், தவழ ஆரம்பித்த குட்டி ஆழமான கிண்ணத்தில் விழுந்தால் எழாது.

சூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற வீட்டில் முதல் எதிரி அதுதான். இவற்றுக்கு 24 முதல் 29 டிகிரி வரை சுகம். தாய் கால்களை விரித்துப் பல்லி மாதிரி தரையோடு படுத்துக்கிடந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஃபேன் காற்று நேராகக் கூட்டில் அடிக்கக் கூடாது. கரண்ட் போனால் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே, கம்பியை ஒட்டி வையுங்கள்.

தொடாதே என்று இத்தனை தரம் சொன்னேன். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். குட்டி வெளியே கிடந்தால் உடனே பாயாதீர்கள். தாயே வாயில் கவ்வி எடுத்துப்போவது உண்டு. குட்டி நெளிந்து, குருவிக் குஞ்சு போலக் கீச்சிட்டால் கொஞ்ச நேரம் அவளுக்கு விடுங்கள். அசையாமல், குளிர்ந்து கிடந்தால் மட்டும் கை வையுங்கள். வாசனை சோப்பு போடாமல் கையை அலசி, கூண்டுக்குள் கிடக்கிற அழுக்குக் காகிதத்தை எடுத்து உள்ளங்கையில் நன்றாகத் தேயுங்கள். ஒரு ஸ்பூனையும் அதே காகிதத்தில் துடையுங்கள். ஸ்பூனால் குட்டியை எடுத்து, அந்தக் காகிதத்தில் வைத்து, உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாகும்வரை பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த குட்டிக்கு வாயில் எதையும் விடக் கூடாது, மூச்சில் இறங்கிவிடும். சூடு வந்ததும் கூட்டின் வாசலில் விடுங்கள், உள்ளே நுழைக்காதீர்கள். விட்டதும் அறையை விட்டு வந்துவிடுங்கள். மறுபடியும் ஒதுக்கினால் அவள் அதை வேண்டாமென்று முடிவுசெய்துவிட்டாள். நாய்க்குட்டி, பூனைக்குட்டிக்கான பால்பவுடரைக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் ராவும் பகலும் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, ஈரப்பஞ்சால் வயிற்றடியைத் துடைத்துச் சிறுநீர் இறங்கச் செய்ய வேண்டும். அப்படியும் ஒரு வாரத்துக்குள்ளான குட்டிகளில் பெரும்பாலும் தங்குவதில்லை. அது உங்கள் தவறு அல்ல.

இனி தரகர் விஷயம். மூன்று வாரத்தில் ஏன் கேட்கிறார்? அப்போதுதான் கண் திறந்து, உள்ளங்கையில் அடங்கி, ரீல்ஸ் எடுக்க அழகாக இருக்கும். வாங்குகிறவர் பார்த்ததும் பணத்தை எடுப்பார். குட்டிக்கு அப்போதும் தாய்ப்பால்தான் உயிர். நாலு முதல் ஆறு வாரத்தில்தான் பால் மறக்கும். மூன்று வாரத்தில் பிரித்த குட்டியை வாங்கியவர், அது செத்ததும் தன் கை ராசியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்குவார். தரகருக்கு இரண்டு வியாபாரம்.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். 2024-இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியது சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக உலக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களைத்தான். ஆப்பிரிக்க ஹெட்ஜ்ஹாக் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாத பதிவுக்கு அவர் உங்களிடம் பணம் கேட்கிறார். நீங்கள் கேட்க வேண்டியது வாங்கியதற்கான ரசீது. கடை என்றால் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், விற்றதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வருகிறது: என் மேசைக்கு வந்த ஹெட்ஜ்ஹாக்குகளில் ஒன்றுக்குக்கூட யாரும் ரசீது காட்டியதில்லை. எந்த அதிகாரியாவது போய்ப் பார்த்திருந்தால் இந்தத் தரகர் உங்கள் வாசலில் வந்து அரசாங்கத்தின் பெயரைச் சொல்லுவாரா?

அதே தரகர் நாளைக்கு, மலிவாக நாட்டு முள்ளெலி இருக்கிறது என்று ஆசை காட்டினால் கதவைச் சாத்துங்கள். நம் தென்மாவட்டத்துத் தேரிக்காட்டில், அதாவது செம்மணல் காட்டில் இருக்கிற முள்ளெலி காட்டுயிர். பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். பின்னங்காலில் உங்களுடையதற்கு நாலு விரல், அதற்கு ஐந்து. இப்போது தூக்கி எண்ணிப் பார்க்க வேண்டாம்.

ஒன்றரை மாதம் ஆகும்போது குட்டிகளுக்கு முள் உதிரும். பல் விழுந்து முளைக்கிற மாதிரி, பயப்பட வேண்டாம். கக்குவான் இருமலுக்கு இழைத்துக் கொடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் அந்த முள்ளைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், இருமல் அதனால் நிற்காது. முள் உதிர்வதோடு தோல் பொருக்குத் தட்டினால் அது செள்ளுப் பூச்சியாக இருக்கலாம். நாய்க்கு விடுகிற மருந்தை விட்டுவிடாமல் என்னிடமோ வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். தாய் ஒரு ராத்திரி முழுக்கத் தீனியைத் தொடவில்லை என்றாலும், பின்பக்கம் நாற்றமடிக்கிற நீர் கசிந்தாலும் பத்து நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே தூக்கி வாருங்கள்.

ஏழாவது வாரத்தில் ஆண், பெண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். எட்டு வாரத்திலேயே பெண் சினைபிடிக்கும், கூடப்பிறந்தது என்று பார்க்காது. வயிற்றின் நடுவில் தொப்புள் மாதிரி மொட்டு இருந்தால் ஆண், ஆசனவாயை ஒட்டியே திறப்பு இருந்தால் பெண். அதற்குப் பிறகு, உங்களுக்கு முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். பிறந்த தேதியையும் என்ன தீனி தின்று வளர்ந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, அந்தத் தீனியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.