கிட் காரில் (பாகங்களை வாங்கி நாமே பூட்டும் கார்) வேறு இன்ஜின் ஏற்றும்போது கிளட்சை இன்ஜினுக்குப் பார்த்து வாங்குவதா, கியர்பாக்ஸுக்குப் பார்த்து வாங்குவதா?

இரண்டுக்கும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்ஜின் ஒரு காரிலிருந்தும் கியர்பாக்ஸ் இன்னொன்றிலிருந்தும் வந்து, நடுவில் என்ன போடுவது என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என நினைக்கிறேன். நானும் அங்கே நின்றவன்தான்.

பிரஷர் பிளேட், அதாவது கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம், ஃப்ளைவீலோடு (இன்ஜினின் முனையில் சுற்றும் கனத்த சக்கரம்) சேர்ந்தது. போல்ட் துளைகளும், இடம் விலகாமல் பிடிக்கும் டவல் பின்களும் அதற்குத்தான் பொருந்த வேண்டும். கிளட்ச் பிளேட் அப்படியில்லை. அதன் வெளிவிட்டத்தை ஃப்ளைவீல் தீர்மானிக்கும், நடுத்துளையிலுள்ள பல்வரிசையை, அதாவது ஸ்பிளைனை, கியர்பாக்ஸ் தீர்மானிக்கும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். நான் சிக்கிக்கொண்டது இதற்கு அப்புறம்.

என்னுடையது லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் அமைந்த கார். முன்சக்கரங்களை இயக்கும் வண்டியிலிருந்து எடுத்த ஃபோர்டு ஜீடெக் இன்ஜின், ஃபோர்டு சியரா காரின் டைப் 9 கியர்பாக்ஸ். அந்தக் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் ஏறி உட்காரும் தண்டு) 1 அங்குலம், 23 ஸ்பிளைன். அந்த அளவுக்கே பிளேட் வாங்கினேன். ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஜீடெக்கின் கிராங்க் (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) முனையில், இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இல்லை என்பதையும் முன்பே கவனித்து, ஷாஃப்ட் முனைக்கு ஏற்ற பேரிங்கை அடாப்டரோடு போட்டிருந்தேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. பெடலை அடிவரை மிதித்தும் ரிவர்ஸ் கரகரவென்று அரைத்தது. கிளட்ச் பெடலின் ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கும் என்று மூன்று முறை ப்ளீட் செய்தேன் (காற்றை வெளியேற்றினேன்). பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். கடைசியில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், பிளேட்டின் ஹப்பில் (ஸ்பிளைன் இருக்கும் நடுப்பகுதி) ஃப்ளைவீலைப் பார்த்த பக்கம் பளபளவென்று வட்டமாக ஒரு தேய்மானம். கிராங்கோடு ஃப்ளைவீலைப் பிடிக்கும் போல்ட்களின் தலை ஓரமும் மழுங்கியிருந்தது. விட்டம் சரி, ஸ்பிளைன் சரி, ஹப் மட்டும் அந்தப் பக்கம் கூடுதலாகத் துருத்திக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தாலும் போல்ட் தலைகள் ஹப்பை இழுத்துக்கொண்டே சுற்றின.

'பிளேட்டைத் திருப்பிப் போட்டிருப்பாய்' என்று சொல்ல இங்கே நாலு பேர் வருவார்கள். ஃப்ளைவீல் பக்கம் என்று அச்சிட்டிருந்த முகம்தான் ஃப்ளைவீலைப் பார்த்திருந்தது. கழற்றும்போது எடுத்த படமும் இருக்கிறது.

அதனால் மாட்டுவதற்கு முன் போல்ட் தலைகளின் மேல் களிமண்ணை அப்பி, பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் வைத்து முறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். களிமண் காகிதம்போல நசுங்கியிருந்தால் அந்தப் பிளேட் வேண்டாம். பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். பிரஷர் பிளேட் விரல்களின் உயரம் ஃப்ளைவீலின் தடிமனைப் பொறுத்து மாறும். பழைய கியர்பாக்ஸோடு வந்த பேரிங் எட்டாமல் போகலாம், எப்போதும் அழுத்திக்கொண்டும் இருக்கலாம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். டார்க் ரெஞ்சை (போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் கருவி) இரவல் வாங்குபவர்கள் வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவைக் கீழே இறக்கித் திருப்பிக் கொடுங்கள். என்னுடையது அதிகபட்ச அளவிலேயே மாதக்கணக்கில் இறுகிக் கிடந்து திரும்பி வந்தது. ஃப்ளைவீல் போல்ட்டை அதை நம்பி எப்படி முறுக்குவது?

ஃப்ளைவீல் கையில் இருந்தால் போல்ட் தலையின் உயரம், உரசும் முகத்தின் விட்டம், கியர்பாக்ஸ் எது என்று மூன்றையும் எழுதுங்கள். எந்தப் பிளேட் உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.