படப்பெட்டி வராத காலம்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் சினிமாவையும் தொலைக்காட்சியையும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

எழுபதுகளில் எங்கள் தோட்டத்துத் திடலில் படம் ஓடும்போது சுருள் அறுந்துவிட்டால், ஒட்டி முடிக்கும்வரை காத்திருப்போம். இப்போது சென்னையில் வெளியாகும் அன்றே ஈப்போவிலும் படம் வந்துவிடுகிறது. படப்பெட்டி எப்படி அவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது?
(ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

ஐயா, படப்பெட்டி இப்போது வருவதே இல்லை. அரங்குகளில் ஓடிய 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி நகரும். ஆகவே, இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றுக்கு 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான சுருள் தேவைப்பட்டது. ஒவ்வொரு பிரதியையும் ஆய்வகத்தில் தனித்தனியே அச்சிட வேண்டியிருந்ததால் செலவு ஏறியது. தயாரிப்பாளர்கள் எண்ணிப் பார்த்தே பிரதி எடுத்தார்கள். பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதிகளே பிறகு சிற்றூர்களுக்குப் போயின. நீங்கள் திடலில் பார்த்த மழைக்கோடுகளும், பாட்டின் நடுவே நேர்ந்த தாவல்களும், உங்களுக்கு முன்பே எத்தனையோ ஊர்கள் அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டதன் அடையாளங்கள்.

இன்று அரங்கிற்கு வருவது பூட்டப்பட்ட ஒரு கோப்பு. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் 2002-இல் ஒன்றுகூடி அமைத்த குழு, 2005-இல் இதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. படத்தின் தெளிவைக் குறிக்கும் 2கே என்றால் அகலத்தில் 2048, உயரத்தில் 1080 புள்ளிகள். 4கே என்றால் 4096-க்கு 2160. வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ இணையம் வழியாகவோ அந்தக் கோப்பு முன்கூட்டியே அரங்கிற்கு வந்துவிடும். ஆனால், அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட அரங்கின் கருவியில் மட்டும், குறிப்பிட்ட நாள் நேரத்திலிருந்து குறிப்பிட்ட நாள் நேரம் வரை மட்டுமே வேலை செய்யும். சாவி தாமதமானாலோ, இடையில் கருவியை மாற்ற நேர்ந்தாலோ, படம் கையிலிருந்தும் காட்சி நின்றுவிடும். தமிழ்நாட்டு அரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியதில் டிஜிட்டல் திரையிடல் தொழில்நுட்பம் அளிக்கும் சென்னையின் கியூப் நிறுவனத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

இதனால் கைமாறிய அதிகாரத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசிக் காட்சியைச் சீக்கிரம் முடிப்பதற்காகப் பாட்டை வெட்டிவிடும் ஆபரேட்டர்களை உங்கள் தலைமுறையினர் நன்றாக அறிவார்கள். அந்த உரிமை இன்று அவர்களிடம் இல்லை. எப்போது, எங்கே, எத்தனை நாள் காட்டலாம் என்பதைச் சாவி வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். பாட்டு தப்பியதற்காக நான் வருத்தப்படவில்லை.

மழை வலுத்தால் தொலைக்காட்சிப் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. பழைய ஏரியல் காலத்தில் புள்ளிபுள்ளியாகவாவது தெரியுமே?
(இல்லத்தரசி, தாமான் குடியிருப்பு)

அம்மா, உங்கள் வீட்டில் இருப்பது செயற்கைக்கோள் தட்டு என்று நினைக்கிறேன். அது வாங்கும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்பதால், கனமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. பழைய முறையில் அலை வலுவிழக்க வலுவிழக்கப் படமும் மெல்ல மெல்ல மங்கியது. டிஜிட்டலில், குறைந்து வரும் தகவலைக் கருவி ஓர் எல்லை வரை தானே சரிசெய்துகொள்வதால் படம் பளிச்சென்று இருக்கும். எல்லை தாண்டியதும் ஒரேயடியாகப் போய்விடும். தூறலுக்கே படம் நின்றால், தட்டு திரும்பியிருக்கலாம், அல்லது கம்பி இணைப்பு துருப்பிடித்திருக்கலாம்.

நிலத்திலிருந்து வரும் டிஜிட்டல் ஒளிபரப்பை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 2019 ஜூலை 21 அன்று லங்காவியில் தொடங்கிய பழைய அனலாக் ஒளிபரப்பின் நிறுத்தம், அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் முடிந்தது. இந்த டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் மைஃப்ரீவியூ பெட்டியும் சிறிய யுஎச்எஃப் ஏரியலும் இருந்தால், மழை நாளிலும் அரசு ஒளிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தியைப் பார்த்துவிடலாம்.

புதிதாக வாங்கிய பெரிய தொலைக்காட்சியில் சினிமா பார்த்தால் நாடகத் தொடர் பார்ப்பது போல் இருக்கிறதே, ஏன்?
(செம்பனை ஆலைப் பணியாளர்)

தம்பி, உங்கள் கண்ணில் பழுதில்லை. சினிமா வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையோ அசைவை வினாடிக்கு 50 முறை பதிவு செய்தது. அதனால் வீடியோவில் எடுத்த தொடர்களும் கால்பந்தும் வழுக்கிக்கொண்டு ஓடின. பல ஆண்டுப் பழக்கத்தில், 24-இன் லேசான தெறிப்பையே சினிமாவின் அழகாக நாம் ஏற்றுக்கொண்டோம். உங்கள் புதிய பெட்டி, இரண்டு படங்களுக்கு இடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து, ஒளிப்பதிவாளர் எடுக்கவே எடுக்காத படங்களைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. அமைப்புகளில் பட வகைக்குள் ‘மோஷன்’ என்ற சொல்லோடு வரும் வசதியை நிறுத்திவிடுங்கள். சில பெட்டிகளில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கால்பந்துக்கு வேண்டுமானால் அந்த ‘மோஷன்’ வசதி இருக்கட்டும்.

எங்கள் மாணவர்கள் உப்பின் இப்பின் அசைவூட்டத் (அனிமேஷன்) தொடரைப் பார்த்துவிட்டு அதுபோல் செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல கணினி இருந்தால் போதுமா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

முதலில் ஒரு பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள்: ஆனந்தம் சேவியர். 1978-இல் அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் ‘ஹிகாயாட் சாங் கன்ச்சில்’ என்ற, மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படத்தை உருவாக்கியவர் அவர். அப்படம் 1983-இல்தான் ஒளிபரப்பானது. எல்லாவற்றையும் கையால் வரைய வேண்டியிருந்த காலம் அது. உப்பின் இப்பின் 2007-இல் வந்தது. அதை உருவாக்கிய லெஸ் கொப்பாக் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘கெங்’, நாட்டின் முதல் முப்பரிமாண அசைவூட்டத் திரைப்படம்.

கணினி முறையில் பாத்திரத்தை ஒருமுறை வடித்து, உள்ளே எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டகத்தைப் பொருத்திவிட்டால், ஒவ்வொரு படத்திற்கும் புதிதாக வரைய வேண்டியதில்லை. முக்கிய நிலைகளைக் கலைஞர் அமைக்க, இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பும். ஆனால், கணினி நிரப்பியதை அப்படியே விட்டால் பாத்திரம் தண்ணீரில் மிதப்பது போலத்தான் நடக்கும். எங்கே வேகம் கூட வேண்டும், எங்கே உடலின் கனம் காலில் இறங்க வேண்டும் என்பதை மனிதக் கண்தான் தீர்மானிக்கிறது. ஆகவே, களிமண் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒரு பழைய கைப்பேசியால் ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துத் தொடங்குங்கள். வினாடிக்கு 12 படங்கள் என்று வைத்தால், பத்து வினாடிக்கு 120 படங்கள். ஒரு வகுப்பு ஒரு பிற்பகலில் செய்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருள் அதற்குப் பிறகு வரட்டும்.

மறைந்த என் அண்ணன் கோயில் திருவிழாக்களில் பாடியவர். அவர் பாடிய கேசட்டுகளைக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு மூலம் அவர் குரலில் புதிய பாடல் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
(இசைக்குழு உறுப்பினர்)

செய்ய முடியும் என்பதில் ஐயமில்லை. 2024-இல் ‘லால் சலாம்’ படத்திற்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இவ்வாறு பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் அளித்ததாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டு வெளியான ஒரு விஜய் படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் மறைந்த நடிகர் விஜயகாந்தின் தோற்றமும் இவ்வாறே இடம்பெற்றன.

பொதுவாக, உயிரோடிருக்கும் வேறொருவர் பாட, அந்தப் பாட்டின் குரல்நிறத்தை மட்டும் கணினி மாற்றுகிறது. எனவே, நீங்கள் கேட்கப்போகும் கமகமும், மூச்சு எடுக்கும் இடமும், சொல்லை அழுத்தும் விதமும் பெரும்பாலும் அந்த மற்றொருவருடையவை. ஊரார் அதை உங்கள் அண்ணனின் பாட்டு என்றே நம்புவார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அனுமதி யாருடையது என்பது அடுத்த சிக்கல். 2013-இல் வந்த ‘அம்பிகாபதி’ படம் 2025 ஆகஸ்டு 1 அன்று மீண்டும் திரையிடப்பட்டபோது, இறக்கும் நாயகன் பிழைத்துக்கொள்வதாகச் செயற்கை நுண்ணறிவால் முடிவு மாற்றப்பட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை தங்களிடமே இருக்கிறது என்று தயாரிப்பு நிறுவனம் நின்றது. படைத்தவர்கள் உயிரோடு இருந்து மறுத்தும் தடுக்க முடியவில்லை. மறுக்க உங்கள் அண்ணன் இல்லை. ஆகவே, அண்ணியும் பிள்ளைகளும் ஒப்புக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், எந்தப் பாடலுக்கு மட்டும் அக்குரலைப் பயன்படுத்தலாம், வேலை முடிந்ததும் குரல் மாதிரியை அழித்துவிட வேண்டும் என்பவற்றைச் செய்து தருபவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணினி கொண்டு செய்தது என்று பாடலோடு அறிவியுங்கள்.

எதுவானாலும், மூலக் கேசட்டுகளைப் பாடல் செய்து தருவதாகச் சொன்னவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காந்த நாடா எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல், நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு, பிறகு சுருக்கப்படாத ஒலிக்கோப்பாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்களிடமும், ஒன்று அண்ணி வீட்டிலும், ஒன்று வெளியூர் உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும்.