டெல்லியில் மாஞ்சா நூலில் அறுபட்ட பருந்து: யாரிடம் கொடுப்பது?

மொட்டை மாடியில் இறக்கை அறுபட்டு விழுந்த பருந்தை, 'அசைவப் பறவை' என்று சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பால் சோறு வைத்தும் தின்னவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பால் சோற்றை எடுத்துவிடுங்கள். அலகைத் திறந்து தண்ணீரும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துண்டால் மூடித் தூக்கி (கால் நகம் ஜாக்கிரதை), காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். சதைக்குள் சிக்கிய நூலை இழுக்காதீர்கள், தசைநாரும் சேர்ந்து அறுந்துவிடும்.

அப்புறம், வஜீராபாத்துக்குக் கொண்டு போங்கள். நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற அண்ணன் தம்பி அங்கே 'வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ' என்ற பறவை மீட்பு மையத்தை நடத்துகிறார்கள். உங்களைப் போலவே அடிபட்ட பருந்தோடு போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான். கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இல்லை. உடற்கட்டுப் பயிற்சியில் தசைகளைப் பற்றித் தெரிந்துகொண்டது கைகொடுத்திருக்கிறது. சோப்பு டிஸ்பென்சர் தயாரிக்கும் குடும்பத் தொழிலை நடத்திக்கொண்டே, வீட்டு அடித்தளத்தில் பருந்துகளைப் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர்கள் கைவிட்ட பறவையை இவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பட்டம் விடும் சமயத்தில் அங்கே பெட்டிகள் குவியும், அதனால் போனில் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம். காயம் காய்ந்துவிட்டால் தைப்பது கடினம்.