கரண்ட் வைத்தால் விழுந்த கை எழுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "கைலி நெய்யும் அப்பாவுக்கு நான்கு மாதம் முன்பு ஸ்ட்ரோக். வலது கை விழுந்துவிட்டது. விரல் லேசாக அசைகிறது, நூலைப் பிடிக்க வரவில்லை. தோலில் பேட் ஒட்டிக் கரண்ட் கொடுத்தால் மூளை சரியாகும் என்று ஒருவர் 18,000 ரூபாய்க்கு மிஷின் தருகிறார். வாங்கலாமா?"

அந்த விலைக்கு வேண்டாம் அம்மா. அது டென்ஸ் என்கிற சாதாரணக் கருவி. மருத்துவக் கருவிக் கடையில் சில ஆயிரத்தில் கிடைக்கும்.

மிஷின் விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. மணிக்கட்டு நரம்பைத் தோல் வழியாக ஒன்றிரண்டு மணி நேரம் லேசாகத் தூண்டினால், உணர்வுச் செய்தி மூளைக்குப் போய், கையை அசைக்கும் பகுதி சற்று நேரம் சுறுசுறுப்பாகிறது. 2000 வாக்கிலேயே இதை அளந்து பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் டம்ளரை எடுத்து வைப்பது, துண்டை மடிப்பது என்று கையை வேலை வாங்கினால்தான் பலன். பேடை ஒட்டிக்கொண்டு டி.வி. பார்த்தால் பேட்டரி தீரும், அவ்வளவுதான்.

இதை விற்பவர்கள் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, விரல் துடிப்பதைக் காட்டி "நரம்புக்கு உயிர் வந்துடுச்சு" என்பார்கள். அளவைக் கூட்டினால் யார் விரலும் துடிக்கும். உங்கள் கையில் ஒட்டச் சொல்லிப் பாருங்கள். அழைத்துப் போன உள்ளூர்க்காரருக்குக் கமிஷன் உண்டு. ரசீது கேட்டால் பேச்சு மாறும்.

பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அதைவிட நம் வீடுகளில் அதிகம் தவறுவது மரத்த தோலில்தான். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுங்கள், தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்த இடத்தில் பேட் வேண்டாம். "ஒண்ணும் தெரியல, கூட்டு" என்பார், நீங்களும் கூட்டுவீர்கள். எடுத்தால் தோல் கொப்பளித்திருக்கும். காய்ந்து ஓரம் தூக்கிய பேடு இன்னும் மோசம், கரண்ட் ஒரே இடத்தில் குவியும். சர்க்கரையும் இருந்தால் புண் ஆற நாளாகும்.

டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோதெரபி' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். யாரிடம், எங்கே, எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. புரோக்கர் நுழையாமல் என்ன செய்வான்?

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பல ஊர் சுற்றுகிறவர், அடிக்கடி எதிர்பார்க்க முடியாது. வரும் அன்று அவர் சொல்லித் தரும் பயிற்சியைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் நீங்களே செய்ய வையுங்கள்.