பதகளிப்புக்குத் தந்த குளிசையைத் தொடவே பதகளிக்கிறது

கேள்வி: எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. எட்டு மாதமாகப் பதகளிப்பு. 100ஆம் இலக்க பஸ்ஸில் சனம் நெருக்கினால் நெஞ்சு அடித்து, மூச்சு முட்டி, பாதி வழியில் இறங்கிவிடுகிறேன். இப்போது ஓட்டோவில்தான் போய்வருகிறேன். ஈசிஜி, தைராய்டு, இரத்தச் சோதனை எல்லாம் சரி. மனநல மருத்துவர் செர்ட்ரலீன் 50 மி.கி. எழுதித் தந்தார்: முதல் கிழமை காலையில் அரைக் குளிசை, பிறகு முழுக் குளிசை. பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்த நாளிலிருந்து பயம். பதினொரு நாளாகப் பெட்டி அலுமாரியில் கிடக்கிறது. அது மனச்சோர்வுக்கான மருந்து என்று போட்டிருக்கிறது, எனக்குச் சோர்வு இல்லையே? அம்மா, ‘அது விசர்க் குளிசை, தொடங்கினால் விடமுடியாது’ என்கிறார். உடம்பு வைக்குமா? தலையிடிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போடுவேன், அது பரவாயில்லையா? தொடங்கவா, விடவா?

பதில்: தொடங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் நாளைக் காலையே வேண்டாம், மூன்று நாள் கழித்து. ஏன் மூன்று நாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர்க் குழப்பம் இலேசானது. செர்ட்ரலீன் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்களுக்கு பஸ்ஸில் வருவது போன்ற பீதித் தாக்குக்கும், கூட்டத்தில் பேசப் பயப்படுகிறவர்களுக்கும் இன்று முதலில் எழுதப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று. மாரடைப்பு வந்தவர் தினமும் அஸ்பிரின் எடுக்கிறார். ‘எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே’ என்று அவர் அதைத் தள்ளிவைப்பதில்லை.

இனி அந்தத் தாள். அதில் ‘மிகப் பொதுவானது’ என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் வருவது. ‘பொதுவானது’ என்றால் நூறில் 1 முதல் 10 பேர். ‘அரிது’ என்றால் பத்தாயிரத்தில் 1 முதல் 10 பேர். வயிற்றைப் பிரட்டுவதும் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதும் ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதால், பயந்த கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறையாகத் தெரியும். இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசை எடுத்தவர்களுக்கு என்ன வந்தது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் பெரும்பாலும் சொல்லாது. அமெரிக்காவில் மருத்துவர்களுக்கென வெளியாகும் இதே மருந்தின் குறிப்பேட்டில் அந்தக் கணக்கு இருக்கிறது. செர்ட்ரலீன் எடுத்த நூறு பேரில் 26 பேருக்கு வயிற்றைப் பிரட்டியது, மாக்குளிசை எடுத்த நூறு பேரில் 12 பேருக்கும் பிரட்டியது. வயிற்றுப்போக்கு மருந்தில் 20 பேருக்கு, மாக்குளிசையில் 10 பேருக்கு. பக்கவிளைவு தாங்காமல் விட்டவர்கள் மருந்தில் 12 பேர், மாக்குளிசையில் 4 பேர். அதாவது நூறு பேர் தொடங்கினால், மருந்தின் கணக்கில் எழுதவேண்டிய பிரட்டல் ஏறத்தாழ பதினான்கு பேருடையது.

மாக்குளிசைக்கே ஏன் இவ்வளவு? பதகளிப்பு உள்ள உடம்பு மருந்து இல்லாமலே தலையிடி, வயிற்றுக் கலக்கம், வியர்வை, நித்திரைக் குறைவு எல்லாவற்றையும் தந்துகொண்டிருக்கும். தாளில் உள்ள பட்டியலில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்காகத்தான் அந்த மூன்று நாள். ஒரு கொப்பி எடுங்கள். குளிசை தொடங்குமுன் மூன்று இரவும் ஒவ்வொரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் நித்திரை, தலையிடி, வயிறு, பதகளிப்பு ஆகியவை பத்துக்கு எத்தனை, அன்றைக்கு பஸ்ஸா ஓட்டோவா. குளிசை தொடங்கிய பிறகும் அதே வரி, அதே நேரம். இந்த மூன்று வரி இல்லாவிட்டால், எட்டு மாதமாக இருந்துவரும் தலையிடி ஐந்தாம் நாள் ‘குளிசையால் வந்த தலையிடி’ ஆகிவிடும். மருந்தை நிறுத்துகிறவர்களில் பலர் இங்கேதான் இடறுகிறார்கள்.

தொடங்குவதைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொண்டால் முதல் இரண்டு நாளும் வீட்டில் இருப்பீர்கள். பாணோ இடியப்பமோ சாப்பிட்ட பிறகு அரைக் குளிசை. வெள்ளி விரதம் பிடிக்கிறவரானால் அன்றைக்குப் பாலோடோ பழத்தோடோ எடுங்கள், அன்றைய குளிசையைத் தவறவிடவேண்டாம். நடுவில் கோடு உள்ள குளிசை கையாலேயே உடையும். இல்லாவிட்டால் பாமசியில் குளிசை வெட்டும் கருவி ஒன்றை வாங்குங்கள். உடைத்த பக்கம் நாக்கில் பட்டால் கசக்கும், சற்று மரத்ததுபோலவும் இருக்கும். பயந்திருக்கும் ஒருவர் இதையே ஒவ்வாமையின் தொடக்கமாக எடுத்துக்கொள்வார். அது அந்த மருந்தின் குணம். நாக்கில் வைத்திருக்காமல் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிடுங்கள்.

முதல் பத்து நாளில் வயிறுதான் முதலில் முறையிடும். இந்த மருந்து வேலை செய்வது, நரம்புகள் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனத்தின்மீது. உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது, மருந்து அங்கேயும் வேலை செய்கிறது. பிரட்டல், இளகிப் போதல், சாப்பாட்டில் மனமில்லாமை வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கும். ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் நல்லது. காலையில் தாங்கவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரவுச் சாப்பாட்டோடு மாற்றலாம். அரைக் குளிசையில் ஒரு கிழமைக்குப் பதில் இரண்டு கிழமை நிற்பதும் பிழையில்லை. ஆனால் பிரட்டலுக்கென்று நீங்களாகப் போய் டொம்பெரிடோனோ மெட்டோகுளோப்ரமைடோ வாங்கிப் போடாதீர்கள். டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது. செர்ட்ரலீன் வகை மருந்துகளான எஸிடலோபிராமும் சிடலோபிராமும் அதே பக்கம் தள்ளுபவை, அவற்றை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

அடுத்தது உங்களுக்குத்தான் மிக முக்கியம்: தொடக்கத்தில் பதகளிப்பே சற்றுக் கூடலாம். உள்ளே ஏதோ ஊருவதுபோன்ற அந்தரம், கைநடுக்கம், நித்திரை முறிதல், பல்லைக் கடித்தல். மூளையில் செரட்டோனின் கூடியதும், அதை வெளியிடும் நரம்புக் கலங்களில் உள்ள ‘போதும்’ என்று சொல்லும் ஏற்பிகள் முதலில் எதிர்க்கின்றன. அவை சில கிழமைகளில் தளர்ந்த பிறகே மருந்தின் முழு வேலை தொடங்குகிறது என்பது பொதுவான விளக்கம். அதாவது பக்கவிளைவு முதல் நாளே வருகிறது, நன்மை வர இரண்டு முதல் நான்கு கிழமை ஆகிறது. முழுப் பலனுக்கு ஆறு, எட்டுக் கிழமை, சிலருக்குப் பன்னிரண்டு. இந்த இடைவெளியில் தராசு ஒரே பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஐந்தாம் நாளில் நிறுத்துகிறவர், விலையைக் கொடுத்துவிட்டுச் சாமானை எடுக்காமல் வருகிறவர். 25 மி.கி.யில் தொடங்கச் சொன்னதே இந்த அந்தரத்தைக் குறைக்கத்தான், உங்கள் மருத்துவர் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். பிளேன்டீயையும் கோப்பியையும் இந்த நாட்களில் இரண்டு கோப்பைக்குள் வையுங்கள், மாலைக்குப் பின் வேண்டாம். அந்தரம் தாங்கமுடியாமல் போனால், சில நாளுக்கு மட்டும் பதகளிப்பை உடனே தணிக்கும் குளோனாஸிபாம் போன்ற ஒன்றை மருத்துவர் சேர்க்கக்கூடும். படபடப்புக்குப் புரோப்ரனலோல் என்றால் ஆஸ்துமா இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

‘கூடின நாளுக்கு மட்டும் ஒன்று’ என்று எடுப்பது இந்த மருந்துக்குச் சரிவராது. பனடோல் போல அன்றைக்கன்று வேலை செய்வதில்லை. விட்டுவிட்டு எடுத்தால் முதல் கிழமையின் தொந்தரவு மட்டும் திரும்பத் திரும்ப வரும். ஒருநாள் மறந்தால் அன்றே நினைவு வந்த நேரம் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்க்கவேண்டாம்.

டைக்ளோஃபெனாக் பற்றி நீங்களே கேட்டது நல்லதாயிற்று. குருதி உறைய உதவும் சிறுதட்டுகளுக்குச் செரட்டோனின் வேண்டும். இந்த மருந்து அங்கே அதைக் குறைக்கிறது, டைக்ளோஃபெனாக்கும் இபுபுரொஃபெனும் அஸ்பிரினும் வயிற்றின் உட்சுவரை அரிக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். தலையிடிக்குப் பரசிட்டமோல் 500 மி.கி. இரண்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் இல்லை. மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் தலையிடிக்கு மருந்து போடுகிறீர்கள் என்றால் அந்த மருந்தே தலையிடியைத் தூண்டிக்கொண்டிருக்கலாம், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். டிரமடோல் வேண்டவே வேண்டாம், முதுகுவலிக்கென்று யாராவது எழுதித் தந்தாலும் செர்ட்ரலீன் எடுப்பதைச் சொல்லுங்கள். டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபான் உள்ள இருமல் பாணியும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சுமட்ரிப்டானும் கேட்டுத்தான். இவை சேர்ந்து செரட்டோனின் எல்லை மீறினால் நடுக்கம், கடும் வியர்வை, தசை துள்ளல், காய்ச்சல், தடுமாற்றம் சில மணி நேரத்திலேயே வரும். அது வீட்டில் பார்த்திருக்கும் விடயமல்ல, அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

உடம்பு வைப்பதைப் பற்றி: செர்ட்ரலீனில் இது பொதுவாகச் சிறிது. முதல் மாதம் பசி குறைந்து ஒன்றிரண்டு கிலோ இறங்குவதும் உண்டு. வேறு மனச்சோர்வு மருந்துகளான பரொக்ஸெடீன், மிர்டஸபீன் ஆகியவற்றில்தான் எடை அதிகம் ஏறும். தொடங்கும் நாளும் பிறகு மாதம் ஒருமுறையும் ஒரே தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கிளினிக்கில் கேட்கக் கூச்சப்படுவீர்கள். தாம்பத்திய ஆசை குறைவதும் உச்சம் தாமதமாவதும் இந்த மருந்துகளில் சாதாரணமாக வரும். பிரட்டல்போல இது தானாகப் போய்விடும் என்று சொல்லமாட்டேன், மருந்து உள்ளவரை நிற்கலாம். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் திரும்பும். சிலருக்கு நிறுத்திய பின்னும் நீடித்ததாக வந்த அறிக்கைகளைப் பார்த்து, ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இதைத் தாளில் சேர்க்கச் சொன்னது. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், வழிகள் உண்டு. சொன்னால்தான் மருத்துவர் செய்வார். பிள்ளைக்கு எதிர்பார்க்கிறீர்கள் என்றாலும் முன்பே கதையுங்கள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே நீங்களாக நிறுத்தவேண்டாம், செர்ட்ரலீன் அக்காலத்தில் விரும்பித் தெரிவுசெய்யப்படும் மருந்துகளில் ஒன்று.

காத்திராமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டியவை வேறு. உட்காரவே முடியாத அந்தரம், தோல் தடித்து முகம் வீங்குதல், கறுப்பாக மலம் போதல், மூன்று மணி நேரம்கூட நித்திரையில்லாமல் அளவுகடந்த உற்சாகம். கடைசியாகச் சொன்னதற்காகத்தான் குடும்பத்தில் யாருக்காவது, அளவுகடந்த உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் இருந்ததா என்று கேட்பார்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலும் அப்படித்தான். அமெரிக்கா 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் 24 வயது வரையானவர்களுக்கும் இதை எச்சரிக்கையாகச் சேர்த்தது. உங்கள் வயது அதற்கு மேல் என்றாலும் முதல் கிழமைகளில் வீட்டில் ஒருவருக்கு இது தெரிந்திருக்கட்டும். 1926க்கு அழைக்கலாம். அதை நடத்துவது அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகம். அந்த ஊர்ப் பெயரையே நாம் வசையாக்கி வைத்திருப்பது வேறு கதை.

அறுபத்தைந்தைத் தாண்டிய உங்கள் உறவினர் யாராவது இதே மருந்தைத் தொடங்கினால், அதிலும் பிரஷருக்குச் சலம் போகவைக்கும் குளிசை எடுப்பவரானால், இரத்தத்தில் சோடியம் உப்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது இறங்கித் தடுமாற்றமும் விழுகையும் வரலாம். உங்கள் வயதில் இது அபூர்வம்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. இது மேலும் மேலும் கேட்கவைக்கும் போதையல்ல. அந்தப் பயம் அல்பிரஸோலம், குளோனாஸிபாம் வகைக்குத்தான் பொருந்தும், அவற்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும் தருவது அதனால்தான். ஆனால் மாதக்கணக்கில் எடுத்த செர்ட்ரலீனைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்று, தலைக்குள் மின்சாரம் தட்டியதுபோல் ஒரு பொறி, காரணமில்லாத அழுகை, கெட்ட கனவு ஆகியவை வரலாம். சுகமான பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து எடுத்து, பிறகு மருத்துவர் சொல்கிறபடி கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ படிப்படியாகக் குறைக்கவேண்டும். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கடைசிப் பத்துக் குளிசை இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். பெட்டியின் நிறமோ கம்பெனியோ மாறினால் பதறவேண்டாம், செர்ட்ரலீன் என்ற பெயரையும் 50 என்ற எண்ணையும் மட்டும் சரிபாருங்கள்.

குளிசை ஒன்றுதான் வழி என்றில்லை. பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்கிறது, இரண்டும் சேர்ந்தும் செய்யலாம். கிளினிக்கில் தமிழில் கதைக்கும் உளவளத்துணையாளரைக் கேட்டுப் பெறுங்கள், பயத்தை மொழிபெயர்த்துச் சொல்வது களைப்பான வேலை.

தராசின் மற்றத் தட்டில் ஓட்டோக் காசையும் வையுங்கள். எட்டு மாதத்தில் பஸ் பயணம் கைவிட்டுப் போயிருக்கிறது, சும்மா விட்டால் அடுத்து அலுவலகக் கூட்டம், பிறகு கோயில் திருவிழா என்று வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். குளிசை உங்களை பஸ்ஸில் ஏற்றிவிடாது, ஏறுவதை முடியுமானதாக்கும். கொப்பியில் பதகளிப்பு எண் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இறங்கியதும், அநேகமாக நான்காம் கிழமையில், விடுமுறை நாள் ஒன்றில் காலை பத்தரைக்கு, சனம் குறைந்த நேரத்தில் வெள்ளவத்தையில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்குங்கள். நெஞ்சு அடித்தாலும் இறங்கும் இடம் வரை இருங்கள். அந்த இரவு கொப்பியில் ‘பஸ்’ என்று எழுதுங்கள். ஆறாம் கிழமை கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள், 50 மி.கி.யில் நிற்பதா கூட்டுவதா மாற்றுவதா என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.