டம்ளரில் மாட்டும் இனிப்புக் கருவி: ஓய்வுக்காலப் பணத்தில் 15 லட்சம் போடலாமா?

கேள்வி: என் கணவர் கோவையில் பிளாஸ்டிக் உதிரி பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து, 58 வயதில் இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சேர்த்துச் சென்ற மாதம் 36 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. மாத ஓய்வூதியம் 4,100 ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. மாதம் 24,000 ரூபாய் செலவாகிறது. எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய். காபிக்கு இனிப்பு வில்லைதான். என் மாமியாருக்குக் கை நடுக்கம் இருப்பதால் டப்பாவைக் கவிழ்த்தால் மூன்று நான்கு வில்லைகள் சேர்ந்து விழுந்துவிடும். அவருக்காக என் கணவர் டம்ளர் விளிம்பில் மாட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரே ஒரு வில்லை விழும். விழுந்ததும் ஆவி உள்ளே புகாதபடி அடிமூடி தானாக மூடிக்கொள்ளும். இதைப் பார்த்த ஒரு நிறுவனம் இந்தியக் காப்புரிமை (பேட்டன்ட்), 'உலகக் காப்புரிமை', விற்பனை ஏற்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 4.8 லட்சம் கேட்கிறது. 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். மோல்டுக்கு (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுக்கு) 9.5 லட்சம், அட்டைப்பெட்டி முதலியவற்றுக்கு மீதி என்று 15 லட்சம் எடுக்கப் போகிறேன் என்கிறார். நான் தடுக்க வேண்டுமா, துணை நிற்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: சகோதரி, துணை நில்லுங்கள். ஆனால் 15 லட்சத்துக்கு அல்ல, ஒன்றரை லட்சத்துக்கு. அந்தத் தொகையும் ஒரே தவணையில் போக வேண்டாம்.

முதல் வேலைக்கும் கருவிக்கும் சம்பந்தமில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது ஆனவர்கள்தான் சேர முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். 55 முதல் 60 வயதுக்குள் பணி ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அதில் சேரலாம். உங்களுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு மாதங்களைத் தாண்டினால் அவருக்கு 60 வயதாகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். உச்சவரம்பான 30 லட்சத்தையும் அதில் போடச் சொல்லுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 20,500. ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 24,600. உங்கள் செலவுக்கு இது சரியாக இருக்கும். கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டியே ஐந்து ஆண்டுகளுக்கும் தொடரும். உங்களையும் கூட்டுதாரராகச் சேர்த்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

15 லட்சத்தை எடுத்துவிட்டால் மீதி 21 லட்சம். அதே வட்டியில் மாதம் 14,350 ரூபாய், ஓய்வூதியத்தோடு 18,450. ஒவ்வொரு மாதமும் 5,550 ரூபாய் துண்டு விழும். வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய், ஒரு மூதாட்டிக்குக் கை நடுக்கம் என்றிருக்கும்போது, அந்தப் பள்ளத்தை நிரப்ப அசலில்தான் கை வைப்பீர்கள். கருவி ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் மறுபடி சம்பாதிக்க 58 வயதில் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று அவரிடமே கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கோபமில்லாமல் கேட்க உங்களால்தான் முடியும்.

30 லட்சம் போக மீதி 6 லட்சம். அதில் 4 லட்சம் மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் வங்கி வைப்பில் இருக்கட்டும். 50,000 சேமிப்புக் கணக்கில். ஒன்றரை லட்சம் கருவிக்கு. அது முழுவதும் போனாலும் வீட்டில் உலை வைப்பது நிற்காது. அதனால்தான் அந்தத் தொகையைச் சொல்கிறேன்.

இனி அந்த நிறுவனம். 'உலகக் காப்புரிமை' என்று ஒன்று கிடையாது. காப்புரிமையை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறது. பல நாடுகளை ஒரே விண்ணப்பத்தில் குறிப்பிடும் சர்வதேச வழி உண்டு. ஆனால் அது விண்ணப்பம் மட்டுமே, உரிமை அல்ல. பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம், தனி வழக்கறிஞர். இல்லாத பொருளுக்கு விலை சொல்பவரிடம் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

இந்தியக் காப்புரிமையின் அரசுக் கட்டணத்தைப் பாருங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். பரிசீலனை கோர 4,000. ஆக 5,600 ரூபாயில் அரசுக்குச் செலுத்த வேண்டியது முடிந்தது. கிடைத்த காப்புரிமையை உயிரோடு வைத்திருக்க மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு: தொடக்கத்தில் ஆண்டுக்கு 800 ரூபாய், படிப்படியாக ஏறிக் கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 8,000. முழு 20 ஆண்டுகளுக்கும் கூட்டினால் 76,800 ரூபாய். பொருள் விற்கவில்லை என்றால் நடுவில் கட்டுவதை நிறுத்திவிடலாம். இவற்றுக்கு மேல் ஆகும் செலவு காப்புரிமை முகவரின் கூலி. அது நியாயமான செலவு. கண்டுபிடிப்பில் எதெதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கைகளை எழுதும் விதத்தில்தான் காப்புரிமையின் பலமே இருக்கிறது. தேர்வெழுதிப் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் உள்ளவரிடம் மட்டும் போங்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு சலுகையும் உண்டு. தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம். 4,000க்குப் பதில் 8,000 ரூபாய், விண்ணப்பத்தை முன்கூட்டியே வெளியிடக் கோருவதற்கு 2,500 ரூபாய். வரிசையில் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். கண்டுபிடித்தவர் உங்கள் கணவர். உரிமையில் உங்களுக்கும் பங்கு தருவதாக அவர் கையெழுத்திட்டால் நீங்கள் இணை விண்ணப்பதாரர் ஆகலாம். குடும்பத்தின் சேமிப்பில் செய்யும் காரியத்தில் உங்கள் பெயரும் இருப்பதுதான் முறை.

ஆனால் காப்புரிமை கிடைக்குமா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தினால் ஒரு வில்லை விழும் டப்பாக்கள் பல பத்தாண்டுகளாகக் கடைகளில் இருக்கின்றன. விளிம்பில் மாட்டும் கவ்வியும் புதிதல்ல. தெரிந்த இரண்டு பொருள்களை ஒன்றாகச் சேர்த்து, அவை தத்தம் வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பாகாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தது அந்த அடிமூடி. கருவியை டம்ளரில் மாட்டும்போதே பூட்டு விடுபட்டு, கழற்றினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் விதமாகக் கவ்வியும் மூடியும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கினால், வாதாட இடம் இருக்கிறது. இல்லையென்றால் கருவியின் தோற்றத்தை மட்டும் வடிவமைப்பாகப் பதிவு செய்வது மேல்: தனிநபருக்கு 1,000 ரூபாய், பாதுகாப்பு 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். இந்திய அலுவலகத்தின் தேடல் பக்கத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்திலும் இதுபோன்ற கருவிகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு வாரம் உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள். மோல்டு வரைபடம் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் படங்கள் எளிதில் பிடிபடும்.

விண்ணப்பம் போடும் வரை கருவியை யாருக்கும் காட்ட வேண்டாம். நடைப்பயிற்சி நண்பர்களிடம், வாட்ஸ்அப் குழுவில், யூடியூபில், எங்குமே. விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் காட்டியது புதுமையைக் கெடுத்துவிடும்; சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே நம் சட்டம் விலக்கு தருகிறது. இதுவரை யாரிடம் காட்டினார் என்பதை மறைக்காமல் முகவரிடம் சொல்ல வேண்டும். தற்காலிக விவரக்குறிப்போடு 1,600 ரூபாய் கட்டி முதலில் விண்ணப்பத் தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் கொடுக்கலாம். அந்த 12 மாதங்கள்தான் உங்கள் கணவருக்குச் சோதனைக் காலம். வெளிநாட்டில் விண்ணப்பிக்க விரும்பினாலும் முதல் தேதியிலிருந்து அதே 12 மாதக் கெடுதான்.

அந்தக் காலத்தில் என்ன சோதிப்பது? முதலில் ஆவி. நம் வீட்டுக் காபி, நுரை பொங்கும் சூட்டில் எவர்சில்வர் டம்ளரில் வருவது. இனிப்பு வில்லைகள் ஈரத்தை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அஸ்பார்டேம் வகை வில்லைகள் ஈரத்திலும் சூட்டிலும் இனிப்பையும் இழக்கும். தினமும் நான்கைந்து முறை ஆவியில் நிறுத்தி, ஒரு மாதம் கழித்தும் ஒரே ஒரு வில்லை விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து டம்ளர். விளிம்பு சுருட்டிய எவர்சில்வர், தடித்த பீங்கான் கோப்பை, கண்ணாடி கிளாஸ், காகிதக் கோப்பை என எல்லாவற்றிலும் கவ்வி நிற்க வேண்டும். சின்ன டம்ளரைக் கனத்தால் கவிழ்க்கவும் கூடாது. வில்லையின் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முப்பரிமாண அச்சில் மாதிரி எடுப்பதானால், மலிவாகக் கிடைக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டுக்கே இளகிவிடும் என்பதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவருடைய கைத்தொழில்தான் இந்தத் திட்டத்தில் உண்மையான மூலதனம். 9.5 லட்சம் என்பது அநேகமாக ஒரே அடியில் பல உருப்படிகள் விழும் எஃகு மோல்டுக்கான விலை. இன்னும் ஒரு கருவிகூட விற்கவில்லை. அதற்குள் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளும் மோல்டு எதற்கு? ஒரே ஒரு குழி கொண்ட அலுமினிய மோல்டைத் தெரிந்தவர் பட்டறையில் அவரே வெட்டி, சில நூறு உருப்படிகள் எடுக்கலாம். பிளாஸ்டிக் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், அதிலும் உணவுத் தரம். இலவசமாகக் கொடுக்காமல் விலைக்கு விற்றுப் பார்க்க வேண்டும், உறவினருக்கும்கூட.

விலைக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. ஒரு கருவியை 149 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி, இணையக் கடையின் கமிஷன், கூரியர், திரும்பி வரும் சரக்கு எல்லாம் போக 70 ரூபாய் மிஞ்சலாம். செய்வதற்கு 40 ரூபாய் என்றால் நிகரம் 30. 15 லட்சத்தைத் திருப்பி எடுக்கவே 50,000 கருவிகள் விற்க வேண்டும். அந்த நிறுவனத்தின் விளம்பரத்தாளில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்ற வரி கட்டாயம் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்ன எண்ணிக்கை அது, சரியானதுதான். ஆனால் அவர்கள் எல்லோரும் உங்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். இனிப்பே இல்லாமல் குடிப்பவர்கள் ஏராளம். வில்லை வாங்குகிறவருக்கு டப்பா இலவசமாக வருகிறது. இலவசமாக வருவதற்குப் பதில் 149 ரூபாய் கொடுக்க ஒரு வலுவான காரணம் வேண்டும்.

உங்கள் மாமியாரின் நடுங்கும் கை அப்படிப்பட்ட காரணம். முதியோர் இல்லங்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் என்று அந்தத் திசையில் முதல் வாடிக்கையாளர்களைத் தேடுங்கள். பெரிய வருமானத்துக்கு வேறு வழி இருக்கிறது: இதில் மறுபடி மறுபடி வாங்கப்படுவது கருவியல்ல, வில்லை. ஆகவே வில்லை விற்கும் கம்பெனிக்கே உரிமத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் ராயல்டி வாங்குவது உங்கள் நிலையில் உள்ளவர்களுக்குப் பொருத்தம். விண்ணப்பத் தேதியும், விற்றுப் பார்த்த கணக்கும் கையில் இருந்தால்தான் அந்தப் பேச்சில் மதிப்பு இருக்கும். வில்லையை நீங்களே நிரப்பி விற்காதீர்கள். அது உணவு வணிகம், அதற்குத் தனி உரிமம் வேண்டும். கருவியால் எடை குறையும் என்று பெட்டியில் அச்சிடவும் கூடாது. எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் பரிந்துரைத்திருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

ஒன்றரை லட்சத்தில் முகவர் கூலியும் கட்டணங்களும் சேர்ந்து 70,000க்குள், மாதிரிகளும் சிறு மோல்டும் 50,000க்குள், மீதி கையிருப்பு. 12 மாதங்கள் முடியும்போது, முன்பின் தெரியாதவர்கள் நூறு பேராவது காசு கொடுத்து வாங்கியிருந்தால் மறுபடி எழுதுங்கள். பெரிய மோல்டுக்கு வங்கிக் கடன், முத்ரா திட்டம் பற்றி அப்போது பேசலாம். வாங்கவில்லை என்றால் முழு விவரம் கொடுக்காமல் விட்டுவிடலாம்; விண்ணப்பம் தானே காலாவதியாகும்.

முன்பணம் 25,000 ரூபாயை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். ரசீதையும், 'உலகக் காப்புரிமை' என்று அவர்கள் எழுதிக்கொடுத்த தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அவை உதவும். கருவியின் வரைபடங்களை அவர்களிடம் கொடுத்திருந்தால், அவற்றை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அதே வாரத்தில் தற்காலிக விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.